கிறிஸ்துவின் சபையும் மார்மன் சபையும் ஒன்றா?

“கிறிஸ்துவின் சபையைத் தொடங்கியவர் ஜோசப் ஸ்மித், அவர்களும் மார்மன்களே” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஸ்மித் தம் சபையை, அதாவது மார்மன் சபையை, அமைத்தது 1830இல். அதற்கு வெகு முன்பே, 1804இல், அமெரிக்காவின் கென்டக்கியில் பார்ட்டன் ஸ்டோனும் தோழர்களும் சபைகளை நிர்வகிக்கும் தங்கள் குழுவான பிரஸ்பிட்டரியைக் கலைத்து, ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பெயரே போதும் என்றார்கள். 1809இல் தாமஸ் கேம்பல் ஒற்றுமைக்கான அறிக்கையை வெளியிட்டார். 1832இல் ஸ்டோன், கேம்பல் குழுக்கள் இணைந்தன. கிறிஸ்துவின் சபை இந்த இயக்கத்திலிருந்து வந்ததுதான்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ஸ்மித்தின் சபைக்கும் முதலில் இதே பெயர்தான். கேம்பல் குழுவில் இருந்த போதகர் சிட்னி ரிக்டன் 1830இல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆனால் தாமஸின் மகன் அலெக்சாண்டர் கேம்பல், ஸ்மித் வேதமாக வெளியிட்ட மார்மன் நூலை மறுத்து 1831இலேயே தம் இதழில் விரிவாக எழுதினார். இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கிறிஸ்துவின் சபையினருக்கு வேதாகமம் மட்டுமே வேதம். விசுவாசித்தவர்களுக்கு முழுக்கு ஞானஸ்நானம், வாரந்தோறும் திருவிருந்து. பல சபைகளில் இசைக்கருவி இல்லாத பாடல்.

1804, 1809 ஆவணங்களும் கேம்பலின் கட்டுரையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, படித்துப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் அன்போடு சொல்லுங்கள்.