எஸ்.டபிள்யூ.ஆர் ஒண்ணுக்கு ஒண்ணு வந்துடுச்சாம்!

"ஆன்டெனாவா ஒரு கம்பியைக் கட்டுங்க சார், கீழே ஒரு டியூனரை வைங்க, 80 மீட்டர் அலைநீளத்துலேர்ந்து 10 மீட்டர் வரைக்கும் எல்லா பேண்டும் அடிக்கலாம்!" பொழுதுபோக்கு ரேடியோவுக்கான ஹாம் லைசென்ஸ் வாங்கின நாள்லேர்ந்து இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. சொல்றவங்கள்ல பாதிப் பேர் தோப்புக்கு நடுவுல டவர் வச்சிருக்கிறவங்க. நான் சென்னையில மூணாவது மாடி ஃபிளாட். அசோசியேஷன்ல கெஞ்சிக் கூத்தாடி வாங்கின அனுமதி, வாட்டர் டேங்க்லேர்ந்து லிஃப்ட் ரூம் வரைக்கும் ஒரே ஒரு கம்பிக்கு. ஒரு கம்பிங்கறது என் ஆசை இல்லய்யா, தலையெழுத்து.

முதல்ல இந்த டியூனர் புராணத்தை நிறுத்துங்க. கீழே மேஜை மேல உட்கார்ந்திருக்கிற டியூனருக்கு மொட்டை மாடிக் கம்பியை மாத்துற சக்தி கிடையாது. அது பார்க்கிறது கல்யாணத் தரகர் வேலை. ரேடியோ எதிர்பார்க்கிறது 50 ஓம் இம்பீடன்ஸ், மின்தடை மாதிரி ஒரு அளவு. ரேடியோகிட்ட "அந்தப் பக்கம் 50 ஓம்தாங்க"ன்னு சொல்லிச் சமாளிக்கும், அவ்வளவுதான். எஸ்.டபிள்யூ.ஆர்ங்கறது அனுப்பின பவர் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற அளவு; ஒண்ணுக்கு ஒண்ணுன்னா எதுவும் திரும்பலைன்னு அர்த்தம். கம்பிக்கும் ரேடியோவுக்கும் நடுவுல ஓடுற கோஆக்ஸ் கேபிள்ல நடக்கிற கூத்து அப்படியேதான் நடக்கும்.

40 மீட்டர் பேண்டுக்கு வெட்டின டைபோல்னா சுமார் 20 மீட்டர் நீளக் கம்பி, நடுவுல ஃபீட், அதாவது கேபிள் சேர்ற இடம். அந்த பேண்டோட 7 மெகாஹெர்ட்ஸ்ல அருமையா வேலை செய்யும். அதையே 14ல, 20 மீட்டர் பேண்டுல ஓட்டினா முழு அலைநீளம். நடுவுல இம்பீடன்ஸ் ஆயிரக்கணக்கான ஓம். 3000 ஓம்னே வச்சுக்குவோம். கீழே 30 மீட்டர் ஆர்ஜி-58ங்கற மெல்லிய கோஆக்ஸ் தொங்குதுன்னா, 100 வாட் அனுப்பினா மேலே போய்ச் சேர்றது 10 வாட் தேறாது. மீதியெல்லாம் கேபிளுக்குச் சூடு. இதுல கொடுமை என்னன்னா, கேபிள் எவ்வளவு தின்னுதோ அவ்வளவு அழகா கீழே மீட்டர் காட்டும். மேலே 60க்கு 1 இருக்கிற எஸ்.டபிள்யூ.ஆர், திரும்பி வர்றதையும் கேபிள் தின்னுடறதால, கீழே வரும்போது 5க்கு 1 ஆயிடும். டியூனர் நாலு தடவை கடகடன்னு ரிலே தட்டிட்டு ஒண்ணுக்கு ஒண்ணுன்னு நிக்கும். பவரை வெளியே விடாம சூடாக்கிடற டம்மி லோடும்தான் ஒண்ணுக்கு ஒண்ணு காட்டுது, அதை வச்சு டெல்லிக்குப் பேசுங்களேன் பார்ப்போம்! எதிர்ல இருக்கிறவராவது உண்மையைச் சொல்வாரான்னா, "59", அதாவது பிரமாதமா கேட்குதுன்னு ரிப்போர்ட் கொடுத்துட்டு அதே மூச்சுல "கால்சைன் ரிப்பீட் ப்ளீஸ்"னு என் நிலையப் பேரையே திரும்பக் கேட்கறார்.

இதைச் சொன்னா உடனே "ஜி5ஆர்வி ஆன்டெனா போடுங்க ஓஎம்" (ஹாம் பாஷையில நண்பரே). லூயி வார்னிங்கற ஹாம் அதை 1946ல வடிவமைச்சதே 20 மீட்டரை மனசுல வச்சு, மூணு அரை அலையா. மத்த பேண்டுகளுக்கு அதுக்கும் டியூனர் வேணும். நீளம் 102 அடி. என் மாடியில கட்டினா பாதி பக்கத்து அபார்ட்மென்ட்லதான் தொங்கும். டியூனரை மேலே ஃபீட் பாயின்ட்லயே வைங்க, இல்லேன்னா கோஆக்ஸை விட்டுட்டு, ஏணி மாதிரி ரெண்டு கம்பி இணையா ஓடுற, இழப்பு கம்மியான லேடர் லைன்ல இறக்குங்கன்னு ஒருத்தராவது சொல்றாங்களா? அதைச் சொன்னா டப்பா விற்காதே!

டப்பான்னதும் ஞாபகம் வருது. ஒன்பதுக்கு-ஒண்ணு அன்அன், அதாவது கம்பி முனையோட இம்பீடன்ஸை ஒன்பதுல ஒரு பங்காக்கிற டிரான்ஸ்ஃபார்மர், "எந்த நீளக் கம்பியும் போடலாம், கிரவுண்ட் வேண்டாம்"னு ஸ்டிக்கர். எந்த நீளமுமா? 20 மீட்டர் கட்டினா 40 மீட்டர் பேண்டுக்கு அரை அலை, 20 மீட்டர் பேண்டுக்கு முழு அலை. முனையில இம்பீடன்ஸ் எங்கேயோ போய் நிக்கும். 41 அடி மாதிரி, ஓட்டப்போற எந்த பேண்டிலும் அரை அலைக் கணக்குல விழாத நீளமா பார்த்து வெட்டணும். கிரவுண்டும் அப்படித்தான். கரன்ட் திரும்பி வர ஒரு வழி வேணும். கிரவுண்டுக்குப் பதிலா விரிக்கிற கவுண்டர்பாய்ஸ் கம்பி கொடுக்கலைன்னா கோஆக்ஸோட வெளிப்பின்னலான ஷீல்டையே வழியாக்கிக்கும். அப்புறம் மைக்ல உதடு பட்டா சுருக்குனு கடிக்கும், லேப்டாப்ல யூஎஸ்பி இணைப்பு விட்டுப்போகும், கீழ்வீட்டு மாமா "தம்பி, நீ பேச ஆரம்பிச்சாலே எங்க ரிமோட் ஃபேன் நின்னுபோகுது"ன்னு படியேறி வருவார்.

அந்த டப்பாவைத் திறந்தே பார்த்துட்டேன். வெளியில "200 வாட்". உள்ளே பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு டோராய்டு வளையக் கோர், பழுப்பேறின எனாமல் கம்பி, மூலையில உருகி வழிஞ்ச பசை. எஃப்டி8ங்கற டிஜிட்டல் முறையில 15 செகண்ட் ஸ்லாட்டுக்கு 12.64 செகண்ட் விடாம டிரான்ஸ்மிட் ஆகும். சில ஸ்லாட் போறதுக்குள்ள கோர் சூடேறி, எஸ்.டபிள்யூ.ஆர் முள்ளு கண்ணு முன்னாடியே மெதுவா மேலே ஏறுது. விற்றவருக்கு போன் போட்டு இத்தனையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்:

"டியூனர் போட்டிருக்கீங்களா சார்?"