அரை பென்னித் தபாலில் போன ஊர்வலம்

போன மாதம் என் அக்கா மகள் ஊர்க் கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து, பேருந்து நிறுத்தத்தில் விளக்கு இல்லாததைப் பற்றிப் பேசினாள். மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும். யாரோ அதைக் கைப்பேசியில் எடுத்து, அவள் வாய் திறந்திருக்கிற ஒரு நொடியை மட்டும் நிறுத்தி, அதன் மேல் ஒரு வசனத்தை ஒட்டிச் சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். அன்று இரவே எங்கள் குடும்பக் குழுவுக்கும் அது வந்து சேர்ந்தது. "இனிமே நான் பேசணுமா சித்தி?" என்று கேட்டாள். பேசு என்று சொன்னேன். ஆனால் என் குரலில் எனக்கே பலம் தெரியவில்லை. அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாளாக மனதுக்குள் வைத்திருந்ததை இங்கே எழுதுகிறேன்.

நூறு வருடத்துக்கு முந்தைய பட அஞ்சலட்டைகளைத் தேடிப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அதிலும் இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்டுப் பெண்கள் நடத்திய ஊர்வலங்களின் அட்டைகள் என்றால் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மீம் வந்த இரவு எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த அட்டைகள்தான்.

1902-இல் பிரிட்டிஷ் தபால் துறை ஒரு சின்ன மாற்றம் செய்தது. முகவரியையும் சேதியையும் அட்டையின் ஒரே பக்கத்தில் எழுதலாம் என்றது. அதனால் மறுபக்கம் முழுவதும் படத்துக்குக் கிடைத்தது. தபால் தலை அரை பென்னி. லண்டனில் ஒரு நாளைக்குப் பல முறை தபால் கொடுப்பார்கள். காலையில் பெட்டியில் போட்ட அட்டை சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். இன்று வாட்ஸ்அப் செய்கிற வேலையை அன்று இந்த அட்டை செய்தது. வந்த அட்டைகளை ஆல்பத்தில் செருகி, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்கள்.

அந்த ஆல்பங்களுக்குள் வந்து விழுந்தவற்றில் வாக்குரிமை கேட்ட பெண்களைக் கேலி செய்கிற அட்டைகள் ஏராளம். பல் துருத்திய கிழவி, கத்துவதற்காகவே விரியத் திறந்த வாய், பெண்ணின் வாயைக் கட்டிப் பூட்டுவது, அழும் குழந்தையோடும் துணி மூட்டையோடும் திண்டாடும் கணவன். யார்க்‌ஷயரின் ஹோம்ஃபர்த் ஊரில் இருந்த பேம்ஃபோர்த் போன்ற நிறுவனங்களுக்கு இது நல்ல வியாபாரம். அமெரிக்காவில் 1909-இல் டன்ஸ்டன் வைலர் நிறுவனம் பன்னிரண்டு வண்ண அட்டைகளை ஒரு வரிசையாகவே போட்டது. ஒன்றில் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கும் ஆணை, மாதா படத்தில் இருப்பது போலத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு வரைந்திருப்பார்கள். ஆண் குழந்தைக்குப் பால் கொடுப்பது அவ்வளவு பெரிய சிரிப்பாக இருந்திருக்கிறது.

இவற்றில் எந்த அட்டையும் பெண்களின் கோரிக்கைக்குப் பதில் சொல்லவில்லை. வரி கட்டுகிற பெண்ணுக்கு ஏன் ஓட்டு இல்லை என்பது கேள்வி. வாயைப் பார், பல்லைப் பார் என்பது பதில். என் அக்கா மகள் விளக்கைப் பற்றிக் கேட்டாள். அவளுக்கு வந்ததும் வாயைப் பற்றிய பதில்தான்.

சரி, அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் தரப்புக் கேலிச்சித்திரங்களும் வந்தன, வாக்குரிமைக்காகவே ஓவியர் குழுக்கள் தொடங்கி நன்றாகவே வரைந்தார்கள். ஆனால் அந்த அட்டைகளுக்கு அவர்கள் கொடுத்த பெரிய பதில் தெருவில் இறங்கி நடந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். படம் எடுத்தால் எப்படித் தெரியும் என்று யோசித்து நடந்தார்கள்.

முதல் பெரிய ஊர்வலம் 1907 பிப்ரவரி 9 அன்று லண்டனில் நடந்தது. மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையிலான சங்கங்கள் கூட்டின. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஹைட் பார்க்கிலிருந்து ஸ்ட்ராண்ட் வரை மழையிலும் சேற்றிலும் நடந்தார்கள். தரையைத் தொடும் பாவாடைகள் எல்லாம் சேறு. சேற்று ஊர்வலம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. கௌரவமான குடும்பத்துப் பெண் தெருவில் கோஷத்தோடு நடப்பதே அவமானம் என்று இருந்த காலம் அது. அன்றைக்கு நடந்த ஒவ்வொருத்தியும் வீட்டில் எதையாவது பணயம் வைத்துவிட்டுத்தான் வந்திருப்பாள்.

அடுத்த வருடம் எல்லாமே மாறிவிட்டது. 1908 மே மாதம் எம்மெலின் பாங்க்ஹர்ஸ்ட் தலைமையிலான சங்கம் ஊதா, வெள்ளை, பச்சை என்று மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுத்தது. எம்மெலின் பெத்திக் லாரன்ஸின் யோசனை அது. ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. முப்பது சிறப்பு ரயில்களில் வெளியூர்ப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஏழு ஊர்வலங்கள் ஏழு பக்கமிருந்து ஹைட் பார்க்குக்குள் நுழைந்தன. நடந்தவர்கள் சுமார் முப்பதாயிரம். வெள்ளை உடையில் வரச் சொல்லியிருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஊதாவும் பச்சையும் ஒரே சாம்பலாகத்தான் விழும். வெள்ளை மட்டும் பளிச்சென்று நிற்கும். அந்த அட்டைகளைப் பார்த்தால் இருண்ட கோட்டும் தொப்பியும் போட்ட ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே வெளிச்சம் ஓடுவது போல அந்த வரிசை தெரியும். கேலிச்சித்திரத்தில் இருந்த கிழவியை அந்த வரிசையில் தேடிப் பாருங்கள். ஆசிரியைகள் இருக்கிறார்கள், செவிலியர்கள் இருக்கிறார்கள், பட்டதாரி அங்கி போட்டவர்கள் இருக்கிறார்கள், கையில் குழந்தையோடு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பதாகைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடி ஓவியக் கலைஞர் மேரி லவுண்ட்ஸும் அவருடைய குழுவும் அதே மாதம் 13 அன்று நடந்த இன்னொரு ஊர்வலத்துக்காகப் பல பதாகைகளை வடிவமைத்தார்கள். துணியில் தையலும் ஒட்டுவேலையுமாகச் செய்தவை. மேரி கியூரியின் பெயருக்கு ஒன்று, ஷார்லட் பிராண்டேயின் பெயருக்கு ஒன்று. பதாகை படிப்பதற்கான பலகை இல்லை, காற்றில் அசைந்து மனதை இழுக்க வேண்டியது என்பது லவுண்ட்ஸின் கருத்து. வீட்டுக்குள் உட்கார்ந்து பூத்தையல் போடு என்று பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஊசியைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

1910 ஜூன் 18 ஊர்வலம் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. பிரிட்டிஷ் சிறை உடையில் அம்புக்குறி அச்சடித்திருப்பார்கள், கைதி என்பதற்கான முத்திரை அது. வாக்குரிமைக்காகச் சிறை போன ஒவ்வொரு முறைக்கும் ஒன்றாக, வெள்ளி அம்பு செருகிய 617 கோல்களை ஏந்திப் பெண்கள் அன்று அணிவகுத்தார்கள். எந்தக் குறியைப் போட்டு அவமானப்படுத்தினார்களோ, அதையே வெள்ளியில் செய்து தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். இதை நான் அவளுக்கு அன்று இரவே சொல்லியிருக்க வேண்டும்.

இந்தப் படங்களை எடுத்தவர்களில் ஒருவரைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிவை முடிக்க எனக்கு மனம் வராது. கிறிஸ்டினா புரூம். 1862-இல் பிறந்தவர். கணவர் ஆல்பர்ட்டுக்குக் கிரிக்கெட் விளையாட்டில் காலில் அடிபட்டு, எலும்பு சரியாகவே கூடவில்லை. வியாபாரமும் நொடித்துப்போனது. நாற்பது வயதில் ஒரு கேமராவை இரவல் வாங்கித் தானாகவே படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். கண்ணாடித் தகடு, பாரமான கேமரா, முக்காலி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு லண்டன் தெருக்களில் நின்றார். அரண்மனைக் குதிரை லாயத்தின் வாசலில் கடை போட்டு அட்டைகளை விற்றார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மகள் வினிஃப்ரெட் உதவிக்கு வந்தாள். வீட்டு நிலக்கரிக் கிடங்குதான் இருட்டறை. ஒரே இரவில் ஆயிரம் அட்டை வரை அச்சிட்ட நாளும் உண்டு. அட்டைகளுக்கான விவரக் குறிப்பை ஆல்பர்ட் எழுதிக் கொடுப்பார். விற்கிற பெயர் 'மிஸஸ் ஆல்பர்ட் புரூம்'.

புரூம் படை வீரர்களையும் அரச குடும்பத்தையும் படகுப் போட்டியையும் எடுத்தார், விற்றார். அதனால் அவருக்கு வாக்குரிமை இயக்கத்தின் மேல் தனிப் பற்று எதுவும் இல்லை, பிழைப்புக்காகத்தான் எடுத்தார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது. நோயாளிக் கணவனையும் மகளையும் காப்பாற்ற ஒரு பெண் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, தெருவுக்கு வந்த மற்றப் பெண்களைப் படமெடுத்து, அதை விற்று வீட்டு வாடகை கொடுத்தாள். பெண்ணுக்கு எதற்கு ஓட்டு, அவளுக்காகக் கணவன் இருக்கிறானே என்றவர்களுக்கு அந்த வீட்டைக் காட்டினாலே போதும்.

அவர் படங்களில் பெண்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். 1910 ஜூலை 23 அன்று ஹைட் பார்க்கில் எடுத்த படம் ஒன்றில் பெத்திக் லாரன்ஸ், எம்மெலின் பாங்க்ஹர்ஸ்டின் மகள்கள் கிறிஸ்டபெல், சில்வியா ஆகியோரோடு எமிலி டேவிசனும் நிற்கிறார். மூன்று வருடம் கழித்து எப்சம் குதிரைப் பந்தயத் திடலில் அரசரின் குதிரைக்கு முன்னால் போய் அடிபட்டு, நான்காம் நாள் இறந்தவர் அவர். 1913 ஜூன் 14 அன்று லண்டனில் அவருடைய சவ ஊர்வலம் நடந்தது, அதுவும் அட்டையாக வந்தது. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னால் அதிக நேரம் பார்க்க முடிவதில்லை.

வெள்ளை உடைக்கும் ஒரு விலை இருந்தது. துவைத்துத் தேய்த்த வெள்ளைக் கவுன் மில் தொழிலாளி எல்லோரிடமும் இருக்காது. நாங்கள் மரியாதையானவர்கள் என்று காட்டிக் கேட்கிற உரிமையில், மரியாதையாகத் தெரியாதவளுக்கு இடம் குறைவு. இதை மறைத்துவிட்டு அந்த அட்டைகளைக் கொண்டாடக் கூடாது.

அமெரிக்காவில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1913 மார்ச் 3, வில்சன் அதிபராகப் பதவியேற்பதற்கு முந்தின நாள், ஆலிஸ் பால் வாஷிங்டனில் ஊர்வலம் நடத்தினார். வெள்ளைக் குதிரையில் ஐனெஸ் மில்ஹாலண்ட் முன்னால் வந்தார். அந்த அட்டை பலர் பார்த்திருப்பீர்கள். பின்னால் நடந்த பெண்களின் அட்டைகளைப் பாருங்கள். பென்சில்வேனியா அவென்யூவில் ஆண்கள் கூட்டம் சாலையையே விழுங்கியிருக்கும், ஊர்வலம் ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கியிருக்கும். போலீஸ் சும்மா நின்றது. நூறு பேர் வரை மருத்துவமனைக்குப் போனார்கள். குதிரைப்படையை வரவழைக்க வேண்டியதாயிற்று. செனட் சபையில் விசாரணை நடந்தது. அதே ஊர்வலத்தில்தான் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸிடம் கடைசியில் போய் நடக்கச் சொன்னார்கள். அவர் அதற்கு இணங்காமல் ஓரமாக நின்று, தன் இல்லினாய் அணி வந்ததும் நடுவில் நுழைந்து சேர்ந்துகொண்டார். அந்த அணியோடு அவர் நிற்கும் படம் சிகாகோ நாளிதழில் வந்தது.

இந்தியப் பெண்களின் படம் ஒன்று ஒவ்வொரு மார்ச் 8-க்கும் நம் சுவர்களில் சுற்றும். சேலை கட்டிய பெண்கள், இந்தியா என்று எழுதிய பதாகை, அதில் ஒரு யானை. 1911 ஜூன் 17, ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடலுக்கு ஐந்து நாள் முன்பு, நாற்பதாயிரம் பெண்கள் நடந்த ஊர்வலம் அது. இந்தியப் பெண்களின் முதல் வாக்குரிமைப் போராட்டம் என்றெல்லாம் மேலே எழுதிப் பகிர்கிறோம். உண்மையில் பிரிட்டிஷ் பேரரசு எவ்வளவு விரிந்தது என்று காட்டுகிற அணியில் ஒரு பகுதியாகத்தான் அவர்களை நிறுத்தியிருந்தார்கள். அந்த வருடம் இந்தியாவில் ஆணுக்கே ஓட்டு எத்தனை பேருக்கு இருந்தது? ஆனாலும் அவர்கள் அலங்காரப் பொம்மைகள் இல்லை. லோலிதா ராய், பகவதி போலாநாத், லீலாவதி முகர்ஜி என்று பெயர் உள்ளவர்கள். லோலிதா ராய் பிறகு இந்தியப் பெண்களின் வாக்குரிமைக்காகவே உழைத்தார். பெயர் எழுதாமல் பகிரும்போது அன்றைய ஊர்வல அமைப்பாளர்கள் செய்ததையே நாமும் செய்கிறோம்.

அந்தத் தெருவிலிருந்து நம் பக்கம் வந்த ஒரு நூலும் உண்டு. 1910-இல் லண்டன் ஹாலோவே சிறையில் இருந்த அயர்லாந்துக்காரர் மார்கரெட் கசின்ஸ் பிறகு சென்னைக்கு வந்தார். 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். அந்த ஆண்டே சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு தூதுக்குழு சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியது. சொத்துள்ளவர்களுக்கு மட்டுமே, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கிறிஸ்டினா புரூம் 1939-இல் இறந்தார். கண்ணாடி நெகட்டிவ்களை வினிஃப்ரெட் பத்திரமாக வைத்திருந்தாள், அவை அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர அவள்தான் வழி செய்தாள். இல்லாவிட்டால் கேலி அட்டைகள் மட்டும் மிஞ்சி, நமக்கு அந்தப் பெண்களின் வாய் மட்டும்தான் தெரிந்திருக்கும், முகம் தெரிந்திருக்காது.

அக்கா மகளுக்கு நேற்று அந்த 1910 ஊர்வலத்தின் படத்தை அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து, "இவங்க எல்லாரும் யாரு, பேர் தெரியுமா சித்தி?" என்று கேட்டாள். தெரிந்த பெயர்களை எழுதி அனுப்பினேன். பேருந்து நிறுத்த விளக்குக்காக வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளும் தெருப் பெண்கள் பதினொரு பேரும் ஊராட்சி அலுவலகத்துக்கு மனுவோடு நடக்கப் போகிறார்கள். நானும் பஸ் ஏறுகிறேன். படம் எடுப்பது என் பொறுப்பு. பன்னிரண்டு பேரின் பெயரையும் இப்போதே எழுதி வாங்கி வைத்துவிட்டேன்.