கண்ணாடியில் பட்ட விரல்

ஜப்பானிய இயக்குநர் நவோமி கவாசே, தன்னை வளர்த்தவரைப் படம்பிடித்து 1994-இல் எடுத்த 'கதத்சுமோரி' ஆவணப்படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியதற்கு மிக்க நன்றி. அதில் வளர்த்தவரைப் 'பாட்டி' என்று போட்டிருக்கிறீர்கள். கவாசேயும் அப்படித்தான் அழைப்பார். ஆனால் அந்த அம்மா சொந்தப் பாட்டி இல்லை, பாட்டி முறை ஆகிற உறவு. பெற்றோர் பிரிந்துபோன குழந்தையான கவாசேயை நாரா நகரில் தத்தெடுத்து வளர்த்தவர். அது தெரிந்த பிறகு படம் வேறு மாதிரி தெரிகிறது.

எனக்கு மறக்காத இடம் ஒன்று. பாட்டி வெளியே தோட்டத்தில் வேலையாக இருக்கிறார். உள்ளே கேமராவோடு நிற்கும் கவாசே, ஜன்னல் கண்ணாடியில் தெரியும் அந்தச் சின்ன உருவத்தை விரலால் வருடுகிறார். அப்புறம் வெளியே போய் அந்த முகத்தையே தொடுகிறார். ஒரு பேட்டியோ விளக்கமோ தேவைப்படவில்லை. 2006-இல் வந்த 'தாராச்சிமே'யையும் சேர்த்துப் பாருங்கள். அதே பாட்டியின் தளர்ந்த உடம்பு, கூடவே கவாசேயின் சொந்தப் பிரசவம். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் விடாதீர்கள்.

என்னை வளர்த்தது பெரியம்மா. அவர் அசைகிற படம் என்று எங்களிடம் இருப்பது ஒரு கல்யாண கேசட் மட்டும்தான். பந்தியில் சாம்பார் வாளியோடு இரண்டு முறை குறுக்கே போவார். அந்த இடம் வந்தால் இன்றும் நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் இன்றைக்கே போனில் அவர்களை வீடியோ எடுங்கள். விசேஷ நாள் வேண்டாம், அவர்கள் கீரை ஆயும்போது எடுங்கள்.