காசி அல்வாவில் காசி எங்கே தம்பி?

அந்த அன்னாசி கேக் வீடியோவைப் பார்த்தாச்சு. தயவுசெய்து யாரும் இனி அனுப்பாதீர்கள். காலையிலிருந்து பதினோரு பேர்! நம்ம தம்பி ஒருவர் தைவான் தலைநகர் தைபேயில், ஒரு கடையில் அன்னாசி கேக்கைப் பிட்டுக் காட்டி, "உள்ள வெண்பூசணி மக்களே, ஏமாத்து வேலை" என்று ஒரு சிரிப்பு.

ஏமாற்று இல்லை தம்பி. பழைய ரக அன்னாசி புளிக்கும், நாராக இருக்கும். வெண்பூசணி சேர்த்துக் கிளறினால் மெத்தென்று வரும். அன்னாசி மட்டும் வைத்துச் செய்வதும் தனியாக விற்கிறது, தேடியிருந்தால் கிடைத்திருக்கும். நம்ம காசி அல்வாவும் வெண்பூசணிதான். இதில் காசி எங்கே என்று பந்தியில் உட்கார்ந்து கேட்டீர்களா?

கேக்கோடு நிறுத்தியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். "ஒரு பழத்துக்கு இத்தனை சீன் போடறாங்க" என்றாரே, அங்கேதான் சுருக்கென்றது.

ஒரு பழம்தான். நட்டு ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டிய பழம். தைவானின் தெற்கே பிங்துங், தைனான் பக்கம் வெயிலில் வெந்துபோகக் கூடாதென்று காய்க்குக் காய் உறை மாட்டுவார்கள். ஒவ்வொரு காய்க்கும், குனிந்து, கையில் முள் கிழிக்க. 2021 பிப்ரவரி 26 அன்று, சரியாக அறுவடை நேரம் பார்த்து, மாவுப்பூச்சி என்று சொல்லி மார்ச் 1 முதல் தைவான் அன்னாசியை வாங்கமாட்டோம் என்றது சீனா. ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

"பூச்சி நிஜமாவே இருந்திருக்கலாமே?" இருக்கட்டும். பூச்சி சாகப் புகைமூட்டம் போட்டு அனுப்ப வழி இருக்கிறது. மூன்று நாளில் கதவைச் சாத்துவது பூச்சிக்கு வைத்தியமா?

"ஃப்ரீடம் பைனாப்பிள் வெறும் விளம்பரம்." சீனா ஒதுக்கிய பழத்தை வாங்குங்கள் என்று தைவான் நடத்திய பிரசாரத்தின் பெயர் அது. ஆமாம், அப்போதைய தைவான் வெளியுறவு அமைச்சரே அந்த ஹேஷ்டேக் போட்டார். போடட்டுமே! நாலே நாளில் சீனா ஒரு வருஷம் வாங்குகிற அளவுக்கு ஆர்டர் குவிந்தது. முந்தைய வருஷம் சுமார் 2,000 டன் வாங்கிய ஜப்பான் 2021-ல் சுமார் 18,000 டன் வாங்கியது. சீனா வருஷத்துக்கு வாங்கிய சுமார் 40,000 டன்னுக்கு அது ஈடா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. சரி, விடுங்கள்.

தைவானுக்கு வந்த புதிதில் நானும் கோமாளிதான். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த சக ஊழியரைப் பார்க்க, ரோட்டோர வண்டியில் முழுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். பையிலிருந்து கொண்டை எட்டிப் பார்த்ததுதான் தாமதம், நர்ஸம்மா இரண்டு கையையும் நீட்டி என்னை வாசலிலேயே மறித்துவிட்டார். இங்கே பேச்சுவழக்கில் அன்னாசிக்கு 'ஓங்லாய்'. 'செழிப்பு வருது' என்கிற மாதிரியும் காதில் விழும். கடை திறப்புக்கு நல்ல சகுனம். ஆஸ்பத்திரியில் செழிப்பு என்றால்? நோயாளிகள் கூட்டம்! பழத்தைக் கீழே காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கும்போது அவரும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

அன்று எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கேமராவைத் தூக்கவில்லை.

அந்தப் பழம் விற்ற வண்டிக்காரர்தான் எனக்குப் பழம் பார்க்கச் சொல்லித் தந்தார். விரலால் சுண்டணும். சதையைச் சுண்டின மாதிரி 'தப்'பென்று கேட்டால் சாறு, மேளம் மாதிரி கேட்டால் சாறு கம்மி. என் புறங்கையிலேயே சுண்டிக் காட்டினார், வலித்தது.

"ரொம்ப தைவான்காரன் ஆயிட்டே" என்று கமென்ட் வரும், தெரியும். சோறு போடுகிற ஊர் ஐயா.

அந்த வீடியோவில் என்னை டேக் செய்து சிரித்தவர்களில் என் மச்சானும் ஒருவன். போன பொங்கலுக்கு நான் கொண்டுபோன டப்பாவில் பன்னிரண்டு கேக். எட்டு அவன் வயிற்றில். அன்றைக்கு வெண்பூசணி தெரியவில்லையா மாப்ள?