இதுல நம்ம பஸ் எங்க தம்பி இருக்கு?

எங்கள் தெருமுனைக்கு வந்துகொண்டிருந்த காலை 7.10 டவுன் பஸ் நாலு மாதமாக வருவதில்லை. எதிர்வீட்டு அக்காவின் மகள் டவுனில் நர்சிங் படிக்கிறாள். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, சரி. பஸ்ஸே வராவிட்டால் அந்த இலவசத்தை வைத்து என்ன செய்ய? ஷேர் ஆட்டோவுக்குப் போக முப்பது, வர முப்பது. "தம்பி, எம்.எல்.ஏ. ஆபீஸ்ல குடுக்க ஒரு மனு எழுதிக் குடு" என்று அக்கா வந்து நின்றார்.

நான் கொஞ்சம் பந்தாவாகப் போனை எடுத்து சாட்ஜிபிடியிடம் விஷயத்தைச் சொன்னேன். பத்து நொடியில் ஒரு பக்கம் வந்து விழுந்தது. 'பொதுப் போக்குவரத்து ஒரு சமூகத்தின் உயிர்நாடி' என்று ஆரம்பித்து, மாணவர்களின் கல்விக் கனவு, பெண்களின் பொருளாதார மேம்பாடு எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்திருந்தது. ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இதுல நம்ம பஸ் எங்க தம்பி இருக்கு?" என்றார்.

அன்றிலிருந்து இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மனு எழுத ஏஐ கூடாது என்கிற கட்சி இல்லை நான். நம் ஊரில் மனு என்பதே காலங்காலமாக அடுத்தவர் கையெழுத்துதான். திங்கட்கிழமை குறைதீர் நாளில் எந்தக் கலெக்டர் ஆபீஸுக்குப் போனாலும் பார்க்கலாம். கேட்டில் போலீஸ்காரர் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குக் கொஞ்சம் முன்னால் மரத்தடியில் அட்டையும் பேனாவுமாக மனு எழுதுபவர் உட்கார்ந்திருப்பார். அவர் எழுதுவதற்கு முன் கேட்கிற கேள்விகளைக் கவனித்திருக்கிறீர்களா? சர்வே நம்பர் என்ன, எப்போதிலிருந்து, இதற்கு முன் யாரிடம் கொடுத்தீர்கள், ரசீது இருக்கிறதா. எதிரில் இருப்பவர் சொல்லும் கதையில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டு, அதிகாரிக்குத் தேவையானதை மட்டும் எழுதுவார். ஏஐ-யிடம் சும்மா 'மனு எழுது' என்றால் அது எதையும் கேட்காது. தெரியாத இடத்தையெல்லாம் அலங்காரத்தால் நிரப்பிவிடும்.

எனவே இரண்டாம் முறை வேறு மாதிரி செய்தோம். 'நீயாக எதையும் சேர்க்காதே, விவரம் போதாவிட்டால் கேள்வி கேள்' என்று சொல்லிவிட்டுப் போனை அக்கா கையில் கொடுத்தேன். வாய்ஸில் பேசினார். எந்த வழித்தட எண், எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று அது கேட்டது. கடைசிக் கேள்விக்கு அக்காவிடம் பதில் இல்லை. மறுநாள் காலை ஸ்டாப்பில் நின்று எண்ணினார். 23 பேர். அதில் 14 பேர் படிக்கிற பிள்ளைகள். மனு அரைப் பக்கம்கூட வரவில்லை. (பெயர், போன் நம்பர், கையெழுத்தெல்லாம் பிரிண்ட் எடுத்த பிறகு பேனாவால்தான். ஆதார் நகலைப் படம் பிடித்து ஏஐ-யில் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது.)

எம்.எல்.ஏ. ஆபீஸில் உதவியாளர் அதை நின்றபடியே படித்து முடித்தார். பிறகு மேஜையில் இருந்த கட்டைக் காட்டி, "இதெல்லாம் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சவங்க எழுதுன மாதிரியே வருது சார். இந்த மாசத்துல மட்டும் நாலு உயிர்நாடி" என்றார். எனக்கு முகம் கொஞ்சம் சிவந்தது.

அவருக்காவது எது ஏஐ எழுதியது என்று தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2020-ல் இதைச் சோதித்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாநில சட்டமன்ற உறுப்பினர்களுக்கு முப்பதாயிரத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள். சில மாணவர்கள் எழுதியவை, மற்றவை ஜிபிடி-3 என்கிற ஏஐ எழுதியவை. பதில் வந்த விகிதத்தில் இரண்டு சதவீதப் புள்ளிகூட வித்தியாசம் இல்லை. அதுவே பழைய மாடல்.

அங்கே 2017-ல் இன்னொன்று நடந்தது. எல்லா இணையதளங்களையும் இணைய நிறுவனங்கள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்கிற இணையச் சமவாய்ப்பு விதிகளை நீக்கலாமா என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. மக்களிடம் கருத்துக் கேட்டது. சுமார் 2.2 கோடி கருத்துகள் குவிந்தன. அதில் ஏறக்குறைய 1.8 கோடி போலி என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரலின் 2021 அறிக்கை சொல்கிறது. ஒரே ஒரு கல்லூரி மாணவர், வயது 19, தனியாளாக 77 லட்சத்துக்கு மேல் அனுப்பியிருந்தார். இன்னொரு பக்கம், பிராட்பேண்ட் நிறுவனங்களின் பணத்தில் நடந்த பிரச்சாரத்திலிருந்து 85 லட்சம். இத்தனைக்கும் இன்றைக்கு இருக்கிற ஏஐ அப்போது கிடையாது. இப்போது ஒவ்வொன்றையும் வேறு வேறு நடையில் எழுத வைக்கலாம்.

ஒரே அச்சில் வார்த்த கருத்துகள் என்ன ஆகும் என்று நம் நாட்டிலும் பார்த்துவிட்டோம். சில இணையதளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்கும் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தின் சமயத்தில், ஃபேஸ்புக் ஒரு பட்டனைக் கொடுத்து லட்சக்கணக்கானவர்களை நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு ஒரே வாசகத்தை அனுப்ப வைத்தது. டிராய் கேட்டிருந்த கேள்விகளுக்கு அதில் பதிலே இல்லை. டிராயும் அதைச் சுட்டிக்காட்டியது. 2016 பிப்ரவரியில் வந்த முடிவும் ஃபேஸ்புக்குக்கு எதிராகத்தான்.

எனக்கு உள்ள பயம் இதுதான். கட்டுக் கட்டாக உயிர்நாடிகள் வந்தால், அந்த உதவியாளரும் நாளைக்கு அவற்றைச் சுருக்க ஒரு ஏஐ வைத்துக்கொள்வார். நம் போன் எழுதும், அவர் கம்ப்யூட்டர் படிக்கும். நடுவில் அக்கா எண்ணிய 23 பேர் காணாமல் போவார்கள்.

போன வாரம் டெப்போவிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. மனுவில் எழுதியிருந்த கணக்கு சரிதானா என்று கேட்டார்களாம். "நேத்து 23 இல்ல சார், 26. நாளைக்குக் காலைல நீங்களே வந்து எண்ணிப் பாருங்க. 7 மணிக்கே வந்துருங்க" என்றிருக்கிறார். பஸ் இன்னும் வரவில்லை.