பயிற்சிப் பக்கம் மட்டும் கசங்குவதே இல்லை

எழுத்துக்கலை நூலைக் கூடிப் படிப்போம் என்று ஆரம்பிப்பார்கள். அத்தியாயம் முழுக்கப் பென்சில் கோடு. பயிற்சிப் பக்கம் மட்டும் புத்தம் புதுசாக இருக்கும். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் ‘ஸ்டீரிங் த கிராஃப்ட்’ (1998) நூலில் ஒரு பயிற்சி கேட்பது இதுதான்: பெயரடை, வினையடை, உரையாடல் எதுவும் இல்லாமல் 200 முதல் 350 சொல்லில் ஒரு வருணனை. எழுதிப் பார்த்தால்தானே ‘மெதுவாக நடந்தான்’ போய் ‘ஊர்ந்தான்’ வரும்? அதை விட்டுவிட்டு, அடைமொழி தேவையா இல்லையா என்று இரண்டு மணி நேரம் பட்டிமன்றம்!

தப்பித்தவறி ஒருவர் எழுதிக்கொண்டு வந்தாலும் தொல்லைதான். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்கிறது அதே புத்தகம். இவரோ, “நான் என்ன சொல்ல வந்தேன்னா...” என்று முதல் ஆளிடமே விளக்கவுரையைத் தொடங்கிவிடுவார். வாசகர் எந்த வரியில் தடுக்கினார் என்பது அத்தோடு போச்சு.