ஐந்து விநாடி

பேஸ்புக் மாதிரியான தன் சமூக வலைதளம் கூகுள் பிளஸ்ஸை மூடப்போவதாக 2018 அக்டோபரில் அறிவித்தபோது, கூகுள் தானே ஒரு கணக்கையும் சொன்னது. உள்ளே வருகிறவர்களின் வருகைகளில் 90 சதவீதம் ஐந்து விநாடிகூட நீடிப்பதில்லையாம். விருந்துக்குப் போன வீட்டில் செருப்பைக் கழற்றவே அதைவிட நேரமாகும். தெரியாமல் கை பட்டுத் திறந்து, உடனே மூடியவர்கள்தான் பெரும்பாலும் போலிருக்கிறது.

ஆப் செய்கிற வேலையில் இருப்பதால் இந்த எண்ணை என்னால் மறக்க முடியவில்லை.

2011 ஜூன் 28 அன்று பிளஸ் வந்தபோது அழைப்பு இருந்தால்தான் உள்ளே போக முடியும். யாரிடமாவது இன்வைட் இருக்கிறதா என்று வெட்கமில்லாமல் கேட்டு அலைந்தேன். இரண்டே வாரத்தில் ஒரு கோடிப் பேர். அடுத்த ஜனவரியில் 9 கோடி என்றார்கள். அதே மாதத்துக்கு, இணையப் பயன்பாட்டை அளக்கும் காம்ஸ்கோர் நிறுவனம் எடுத்த கணக்கில் ஒருவர் மாதம் முழுக்க அங்கே செலவிட்டது மூன்று நிமிடம் சொச்சம். பேஸ்புக்கிலோ ஏழு மணி நேரத்துக்கு மேல். கணினியில் பார்த்தவர்கள் மட்டும்தான் அதில் அடக்கம், கைப்பேசி சேரவில்லை. சேர்த்திருந்தாலும் எவ்வளவு ஏறியிருக்கும்?

அழகாக இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தவர்களைக் குடும்பம், வேலை என்று பிரித்துப் போட வைத்த வட்டங்கள் ஞாபகம் இருக்கிறதா? ஆப்பிளின் முதல் மேக்கின்டாஷை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆன்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டின் கைவண்ணம். ஒருவரின் படத்தை இழுத்து வட்டத்துக்குள் போட்டால் ஒரு சின்னத் துள்ளல். மேலதிகாரியிடம் சொல்வதை மாமாவிடம் சொல்ல மாட்டோம் என்ற யோசனையும் சரியானதுதான். ஆனால் என் சித்தப்பா அப்போது என் ஆபீஸிலேயே வேலை பார்த்தார். அவரை எந்த வட்டத்தில் போடுவது? குடும்பமா, வேலையா? இரண்டிலும் போட்டேன். பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் 'இது சித்தப்பாவுக்குப் போகுமா' என்று யோசித்து, பாதியில் எழுதுவதையே விட்டேன். இரண்டு வரி எழுத வந்தவனை முதலில் சொந்தபந்தத்தைத் தரம் பிரித்து அடுக்கச் சொன்னால் எப்படி?

நான்தான் மக்கு என்று நினைத்திருந்தேன். 2011 அக்டோபரில் கூகுள் பொறியாளர் ஸ்டீவ் யெகி, தன் நிறுவனத்தையும் பிளஸ்ஸையும் கிழித்து ஒரு நீண்ட பதிவு எழுதினார். சக ஊழியர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் போட்டது, ஊருக்கே போய்விட்டது. கட்டியவர்களுக்கே கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியவில்லை!

பெயர் விஷயம் இன்னும் கொடுமை. முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் வேண்டும், அதுவும் நிஜப் பெயர். அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக வைத்திருக்கிற நாம் கடைசிப் பெயருக்கு எங்கே போவது? நம் பதிவர்களில் எத்தனை பேர் புனைபெயரிலேயே வாழ்ந்தவர்கள்! கூகுளின் முந்தைய சமூக வலை முயற்சியான கூகுள் பஸ்ஸிலிருந்து (Buzz) இறக்கிவிடப்பட்டு பிளஸ்ஸில் ஏறிய கூட்டம் அது. மூன்று வருடம் கழித்து, 2014 ஜூலையில்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அதற்குள் பலர் இங்கே, பேஸ்புக்குக்கு, வந்துவிட்டார்கள்.

ஆள் தங்கவில்லை என்றால் ஏன் என்று கேட்டிருக்கலாம். அவர்கள் செய்தது வேறு. ஜிமெயில் கணக்கு தொடங்க வந்தவரையும் பிளஸ்ஸில் சேர்த்தார்கள். 2013 நவம்பரில் யூடியூபில் கமெண்ட் போடவே பிளஸ் கணக்கு கட்டாயம் என்றார்கள். யூடியூபில் முதல் வீடியோவை ஏற்றியவரும் அதன் நிறுவனர்களில் ஒருவருமான ஜாவேத் கரீமே கெட்ட வார்த்தையோடு 'எதற்கு இது' என்று கேட்டார். 2011-இல் ஊழியர்களின் போனஸில் கால்பங்கைச் சமூக வலை முயற்சிகளின் வெற்றியோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. சம்பளம் எண்ணிக்கையில் இருந்தால் எண்ணிக்கை வந்துவிடும். ஆள்தான் வர மாட்டார்.

உள்ளே நல்ல சரக்கும் இருந்தது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. படங்களைச் சேமிக்கும் பகுதியை 2015 மே மாதம் தனியாகப் பிரித்து கூகுள் போட்டோஸ் ஆக்கினார்கள். 2019 ஏப்ரல் 2 அன்று பிளஸ்ஸை மூடினார்கள். அதே வருடம் போட்டோஸின் பயனர்கள் நூறு கோடியைத் தொட்டார்கள். போனில் இடம் இல்லாதவனுக்கு அது தேவைப்பட்டது, அவ்வளவுதான். பிளஸ் தேவைப்பட்டது கூகுளுக்கு, பேஸ்புக்கைப் பார்த்த பயத்தில்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில், விலைப்பட்டியலைப் பார்க்கவே லாகின் செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தை நாங்களும் கட்டினோம். அந்த மாத அறிக்கையில் பதிவு செய்தவர்கள் இரண்டு மடங்கு. டீமுக்கு மைசூர்பாகு வந்தது, நானும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன். வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

இப்போது இருக்கிற இடத்திலும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். திங்கட்கிழமை மறுபடி கேட்கப் போகிறேன்.